ஹலோவீன் படங்கள் 13ஐயும் மீண்டும் பார்த்து வரிசைப்படுத்துவது எப்படி

1978 முதல் 2022 வரை ‘ஹலோவீன்’ என்ற பெயரில் 13 படங்கள் வெளிவந்திருக்கின்றன. இவற்றை வரிசைப்படுத்தித் தரும்படி ஸ்லாஷர் எனப்படும் தொடர்கொலைத் திகில் படங்களின் பிரியர் ஒருவரைக் கேட்டால், ஜோன் கார்பென்டர் இயக்கிய 1978இன் முதற்படத்தை உச்சியிலும் 2002இல் வந்த ‘ரிசரெக்‌ஷன்’ படத்தை அடியிலும் வைத்துவிட்டு, இடையிலுள்ள பதினொன்றையும் ஞாபகத்தில் வந்தபடி அடுக்கித் தந்துவிடுவார். கொழும்பில் வளர்ந்தவர்களின் ஞாபகமோ இன்னும் சிக்கலானது. வீடியோக் கடையில் அன்றைக்கு எந்தப் பாகத்தின் கசற் இருந்ததோ அதையே வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம்; நான்காம் பாகத்தைப் பார்த்துப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே முதற்பாகத்தைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த வயதில், யாரோடு, எந்த வீட்டில் பார்த்தோம் என்பதே பல வேளைகளில் படத்தின் தரமாக மனதில் பதிந்து கிடக்கிறது. ஆகவே இந்த வேலையை மறுபடி பார்ப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யும் வழியை இங்கே விளக்குவதோடு, அந்த வழியில் எனக்குக் கிடைத்த வரிசையையும் அதற்கான காரணங்களையும் தருகிறேன். கதை முடிவுகளை மறைக்காமல் பேச வேண்டியிருப்பதால், இப்படங்களை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்கே இது பொருந்தும்.

அளவுகோல்

பார்க்கத் தொடங்குமுன் எதை அளக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். கதைக்கு இத்தனை, நடிப்புக்கு இத்தனை, பயத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டுக் கூட்டும் முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். அப்படிக் கூட்டும்போது, எதிலும் குறைவில்லாத நடுத்தரமான படம், ஒரு காரியத்தை மட்டும் அபாரமாகச் செய்து மற்றவற்றில் தடுமாறும் படத்தை முந்திவிடுகிறது. எத்தனை பேர் கொல்லப்படுகிறார்கள் என்ற எண்ணிக்கையும் உதவாது. முதற்படத்தில் திரையில் தெரியும் இரத்தம் மிகக் குறைவு. பின்னால் வந்த எந்தப் படமும் அதை விட அதிகமாகவே இரத்தம் சிந்தியது, ஆனால் எதுவும் அதைவிட அதிகமாகப் பயமுறுத்தவில்லை. எனவே ஒரேயொரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: முகமூடிக் கொலையாளி மைக்கல் மையர்ஸ் திரையில் இல்லாத நேரத்தில் இந்தப் படம் என்ன செய்கிறது?

இந்தக் கேள்வியை முதற்படமே நமக்குக் கற்றுத் தருகிறது. பாடசாலை விட்டு, கதாநாயகி லோரியும் அவள் தோழி ஆனியும் நடைபாதையில் வருகிறார்கள், நல்ல வெயில். தூரத்தில், உயரமாக வெட்டிவிடப்பட்ட செடிவேலி ஒன்றின் பக்கத்தில், வெள்ளை முகமூடியோடு ஓர் உருவம் நிற்கிறது. லோரி பார்க்கிறாள், நாமும் பார்க்கிறோம், உருவம் வேலிக்குப் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்து மறைகிறது. ஆனி துணிச்சலாகப் போய் வேலியின் மறுபக்கத்தை எட்டிப் பார்க்கிறாள். அங்கே ஒருவரும் இல்லை. காட்சி அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணத்திலிருந்து, திரையில் வருகிற ஒவ்வொரு செடிக்கும், கதவுக்கும், கார் ஜன்னலுக்கும் பின்னால் நாமாகவே தேடத் தொடங்கிவிடுகிறோம். சற்றுப் பின்னர், லோரி தன் அறை ஜன்னலால் பார்க்கும்போது கீழே துணிக்கொடிகளுக்கு நடுவே அதே உருவம் நின்று மறைகிறது. இந்தப் படத்தை முதன்முறையாகப் பார்த்த என் தங்கை, அதற்குப் பின் வந்த காட்சிகளில் எல்லாம், “அண்ணா, இப்ப இதில எங்க நிக்கிறான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரும்பாலான சமயங்களில் அவன் எங்கும் நிற்கவில்லை. இல்லாத ஒருவனை நாம் தேடிக்கொண்டிருப்பதே இந்தத் தொடரின் மூலதனம் என்பதால், அந்த மூலதனத்தை ஒவ்வொரு படமும் எப்படிச் செலவழித்தது என்று பார்ப்பதே நியாயமான அளவீடு.

இது பணமில்லாத படப்பிடிப்பிலிருந்து பிறந்த பலம் என்பதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. முதற்படத்தின் செலவு ஏறத்தாழ 325,000 டொலர். இலினோய் மாநிலத்தின் இலையுதிர்காலத்தில் நடக்கும் கதையைக் கலிபோர்னியாவின் வசந்தகாலத்தில் எடுத்தார்கள். பழுப்பு வர்ணம் பூசிய இலைகளைத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கியெடுத்து அடுத்த தெருவில் மறுபடி தூவினார்கள். முகமூடியோ, கடையில் விற்ற, ‘ஸ்டார் ட்ரெக்’ நடிகர் வில்லியம் ஷாட்னரின் ‘கெப்டன் கேர்க்’ முகமூடி; படத்தின் கலை வடிவமைப்பாளர் டொமி லீ வொலஸ் அதன் புருவத்தையும் கிருதாவையும் நீக்கி, கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளை வர்ணம் அடித்தார். ஐந்தடித் தாளத்தில் ஓடும் அந்த இசையைக் கார்பென்டரே அமைத்தார். காட்டுவதற்கு அதிகம் இல்லாத நிலையில், காட்டாமல் விடுவதை அவர்கள் கலையாக்கினார்கள்.

பார்க்கும் சூழல்

வெற்றிடத்தை அளக்கப் போகிறோம் என்பதால், வெற்றிடம் முழுமையாகத் தெரியும்படி பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியில் பார்க்க வேண்டாம். முதல் மூன்று படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்த டீன் கண்டி அகலத்திரைச் சட்டத்தைப் பயன்படுத்தினார்; மைக்கல் நிற்பது பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் ஓரங்களில். பழைய கசற்றுகளில், அன்றைய தொலைக்காட்சியின் சதுரவாக்கான திரைக்கு ஏற்ப இரு பக்கங்களையும் வெட்டியபோது படத்தின் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தொலைந்துபோனது. கசற்றில் பார்த்து ‘முதற்படம் மெதுவானது’ என்று முடிவு கட்டியவர்கள் பலருக்கு, பயமே அந்த வெட்டில் போய்விட்டது. ஆகையால் உங்கள் தொலைக்காட்சியில் படத்தைத் திரை நிரம்ப இழுக்கும் ‘ஸூம்’ தெரிவை நிறுத்திவிட்டு, மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியும்படி விடுங்கள். புதிய தொலைக்காட்சிகளில் தானாகவே இயங்கும் ‘மோஷன் ஸ்மூதிங்’ வசதியையும் நிறுத்துங்கள். அது இயங்கினால் படம் தொலைக்காட்சி நாடகம் போலத் தெரியும்.

கொழும்பில் ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணியளவில் இருட்டிவிடுவதால் இருளுக்குக் குறைவில்லை, குறை சத்தத்தில்தான். மைக்கல் இருப்பதை நமக்கு அறிவிப்பது பல இடங்களில் முகமூடிக்குள்ளிருந்து வரும் மூச்சு ஒன்றுதான், அந்த மூச்சை மின்விசிறியின் இரைச்சல் முழுமையாக விழுங்கிவிடும். மின்விசிறி இல்லாமல் கொழும்பு வெக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது என்பதால், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. நள்ளிரவில் திரையில் எழும் அலறல்களுக்காகப் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டமாட்டார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடற்கரைப் பக்கத்தில் வசிப்பவர்கள் கரையோர ரயில்களின் நெரிசல் அடங்கிய பிறகு தொடங்குவது நல்லது. வசனம் ஓரளவு புரியுமானால் உபதலைப்புகளையும் நிறுத்திவிடுங்கள். யாரும் தெரியாத இருட்டறைக் காட்சியில், ‘கனத்த மூச்சு’ என்று கீழே எழுதிக் காட்டும் உபதலைப்பு, இயக்குநர் ஒளித்து வைத்ததை முன்கூட்டியே போட்டு உடைத்துவிடுகிறது.

எவ்வளவு இடைவெளியில் பார்ப்பது என்பதற்கு இலங்கையின் நாட்காட்டியே ஒரு தீர்வைத் தருகிறது. ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று. போயாவுக்கு ஒரு படம் என்று வைத்தால் ஏறக்குறைய ஓராண்டில் தொடர் முடிந்துவிடும். வார இறுதி ஒன்றில் ஐந்து படங்களை அடுக்கிப் பார்ப்பவர்களுக்கு ஐந்தாம் பாகமும் ஆறாம் பாகமும் ஒரே படமாகக் குழம்பிவிடுகின்றன. ஒரு மாத இடைவெளியில் எந்தக் காட்சி மனதில் தங்கியது, எது கழன்றது என்பது தானாகவே தெளிந்துவிடும். சித்திராப் பௌர்ணமி விரதம் பிடிக்கும் வீடுகளிலும், போயா நாளில் இப்படியான படம் வேண்டாம் என்று பெரியவர்கள் நினைக்கும் வீடுகளிலும், வேறொரு விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் எந்தப் பாகத்தையும் போட வேண்டாம்.

எந்தக் காலவரிசை, எந்தப் பதிப்பு

இத்தொடரின் கதை ஒரே கோட்டில் செல்வதில்லை. முதலிரண்டு படங்களைத் தொடர்ந்து 1988, 1989, 1995ஆம் ஆண்டுப் படங்கள் ஒரு கிளையாகச் செல்கின்றன. 1998இல் வந்த ‘எச்20’ அந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு இரண்டாம் பாகத்திலிருந்தே தொடர்கிறது. ‘ரிசரெக்‌ஷன்’ அதன் தொடர்ச்சி. 2007இலும் 2009இலும் ரொப் ஸொம்பி எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார். 2018 முதல் டேவிட் கோர்டன் கிரீன், முதற்படத்தைத் தவிர வேறொன்றுமே நடக்கவில்லை என்று வைத்து மூன்று படங்கள் எடுத்தார். 1982இல் வந்த மூன்றாம் பாகம் இவை எதனோடும் சேராமல் தனியே நிற்கிறது.

கிளை கிளையாகப் பார்ப்பது கதையைப் புரிந்துகொள்ளச் சுலபமான வழி. ஆனால் வரிசைப்படுத்துவதற்கு வெளிவந்த ஆண்டு முறையில் பார்ப்பதே சிறந்தது. ஒவ்வொரு படமும் தனக்கு முன் வந்த படத்துக்கு மட்டுமல்ல, அந்த ஆண்டின் சந்தைக்கும் பதில் சொல்கிறது. 1980இல் ‘ஃப்ரைடே த தேர்ட்டீன்த்’ இரத்தத்தைக் காட்டிப் பெரும் வசூல் கண்ட பிறகு எடுக்கப்பட்டது என்பதை மனதில் வைத்துப் பார்த்தால்தான், 1981இன் இரண்டாம் பாகம் ஏன் திடீரென்று ஊசிகளும் கொதிநீருமாக மாறியது என்பது விளங்கும்.

பதிப்பு விடயத்தில் கவனம் தேவை. முதற்படத்துக்குத் தொலைக்காட்சிக்கென்று ஒரு பதிப்பு உண்டு. இரண்டாம் பாகம் எடுக்கப்பட்ட காலத்தில் கூடுதல் காட்சிகளைப் படமாக்கி அதில் சேர்த்தார்கள். லோரி மைக்கலின் தங்கை என்ற பின்னாளைய எண்ணத்தை அது முன்கூட்டியே விதைப்பதால், வரிசைப்படுத்துவதற்கு அதைப் பார்க்க வேண்டாம். ஆறாம் பாகத்துக்கு, திரையரங்குகளில் ஓடிய பதிப்பைத் தவிர, 2014இல் முறையாக வெளியான தயாரிப்பாளர் பதிப்பும் இருக்கிறது. மைக்கலின் மருத்துவர் டொக்டர் லூமிஸாக நடித்த டொனால்ட் பிளெசன்ஸ் 1995 பெப்ரவரியில் காலமானார், திரையரங்குப் பதிப்பில் அவருடைய பங்கு வெகுவாகக் குறைக்கப்பட்டது. ரொப் ஸொம்பியின் இரண்டு படங்களுக்கும் இயக்குநர் பதிப்புகள் உண்டு, முக்கியமான காட்சிகளே அவற்றில் மாறிவிடும். எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதைக் கொப்பியில் முதல் வரியாக எழுதுங்கள். ஒரு படத்துக்கு ஒரு பதிப்பு, ஒரு பதிப்புக்கு ஒரு இடம்.

குறிப்பும் ஒப்பீடும்

படம் ஓடும்போது அதிகம் எழுத வேண்டாம். எழுதக் குனியும் கணத்தில்தான் அவன் பின்னணியில் கடந்துபோவான். மைக்கல் முதலில் தென்பட்ட நிமிடத்தையும், அவன் இல்லாத காட்சிகளில் மனதைப் பிடித்த ஒன்றையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் காலையில், வேலைக்குப் போகும் பஸ்ஸிலாவது இருந்து, முந்தின இரவில் இறந்தவர்களில் எத்தனை பேருடைய பெயர் நினைவில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெயர் நினைவிருக்கிறது என்றால், கொலையாளி வராத நேரத்தில் அந்தப் படம் மனிதர்களை உருவாக்கியிருக்கிறது என்று பொருள். இந்த ஒரு சோதனையில் ஐந்தாம் பாகமும் ‘ரிசரெக்‌ஷன்’ படமும் உடனேயே கீழே போய்விடும்.

ஒவ்வொரு படத்தையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடுவதென்றால் 13 படங்களுக்கு 78 ஒப்பீடுகள் தேவைப்படும். அதற்குப் பதிலாக, புதிதாகப் பார்த்த படத்தை, ஏற்கெனவே உள்ள வரிசையின் நடுவில் நிற்கும் படத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதைவிடச் சிறந்தது என்றால் மேல் பாதியின் நடுப்படத்தோடும், தாழ்ந்தது என்றால் கீழ் பாதியின் நடுப்படத்தோடும் அடுத்த ஒப்பீட்டைச் செய்யுங்கள். பதின்மூன்றாவது படத்துக்குக்கூட நான்கு ஒப்பீடுகளுக்கு மேல் தேவைப்படாது. இரண்டு படங்களுக்கிடையே தீர்மானிக்க முடியாமல் போனால், இரண்டிலும் கொலைக் காட்சிகளை மனதால் நீக்கிவிட்டு, மீதியை மறுபடி பார்க்க விரும்புவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு மனம் தயங்காமல் பதில் சொல்லும்.

இம்முறையில் கிடைத்த வரிசை

முதலிடம் 1978க்கே. அது மரியாதைக்காகக் கொடுத்த இடமன்று. படத்தின் கடைசியில், சுட்டு வீழ்த்தப்பட்ட மைக்கல் புல்தரையிலிருந்து காணாமற்போன பின், மாடிப்படி, கூடம், வீட்டின் வெளிப்புறம் என்று ஆளில்லாத இடங்களைக் கார்பென்டர் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார். மேலே அந்த மூச்சு மட்டும் கேட்கிறது. ஒருவரும் இல்லாத அறைகளைக் காட்டியே படத்தை முடிக்கும் அந்தத் துணிவே இதை உச்சியில் நிறுத்துகிறது.

இரண்டாமிடத்தை, மைக்கல் கதையில் அறவே இல்லாத மூன்றாம் பாகத்துக்குத் தருகிறேன். இதைப் பலர் ஏற்கமாட்டார்கள் என்பது தெரியும். 1982இல் வந்தபோதே மைக்கலை எதிர்பார்த்துப் போனவர்கள் கோபப்பட்டார்கள். ஆண்டுக்கொரு புதிய கதை சொல்லலாம் என்று கார்பென்டரும் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லும் போட்ட திட்டம் அந்தக் கோபத்தோடு முடிந்தது. ஆனால் நமது கேள்வியை இந்தப் படத்திடம் கேட்டுப் பாருங்கள். ஹலோவீனுக்கு இன்னும் எத்தனை நாட்கள் என்று எண்ணிக் குறைத்துக்கொண்டே வரும் விளம்பரப் பாட்டு, தெரிந்த குழந்தைப் பாட்டின் மெட்டில் படம் முழுவதும் ஒலிக்கிறது; ஒவ்வொரு வீட்டின் தொலைக்காட்சியிலும் அதே பாட்டு, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அதே நிறுவனத்தின் முகமூடி. பரிசோதனை அறை ஒன்றில் குடும்பத்தோடு உட்காரவைக்கப்பட்ட சிறுவன், முகமூடியைப் போட்டுக்கொண்டு விளம்பரத்தைப் பார்க்கும் காட்சி, இத்தொடரில் கத்தியே இல்லாமல் எடுக்கப்பட்ட மிகக் கொடூரமான காட்சி. துரத்த ஒருவன் இல்லாமலேயே, முதற்படத்தின் காத்திருப்பை இது முழுநீளத்துக்கும் நீட்டிவிடுகிறது. பாகத்தின் எண்ணை மறந்துவிட்டுப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மூன்றாமிடம் 2018இன் படத்துக்கு. ஹலோவீன் இரவில் மைக்கல் ஒரு வீட்டிலிருந்து இறங்கி, வேடமிட்ட பிள்ளைகளுக்கு நடுவே நடந்து அடுத்த வீட்டுக்குள் போகும் வெட்டில்லாத நீண்ட காட்சியைப் பலரும் புகழ்வார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது, அசைவு தெரிந்தால் எரியும் விளக்கு உள்ள கொல்லைப்புறக் காட்சி: விளக்கு எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது, ஒவ்வொரு முறையும் அவன் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. அவன் இல்லாத நேரத்தில், நாற்பது ஆண்டுகள் அவனுக்காகவே காத்திருந்து மகளின் பாசத்தையும் இழந்த லோரியின் வாழ்க்கையைப் படம் காட்டுகிறது. மைக்கலுக்கு மருத்துவம் பார்க்கும் புதிய டொக்டரின் திருப்பம் மட்டும் ஒட்டவில்லை.

நான்காமிடத்தில் நான்காம் பாகம். இலையுதிர்கால வயல்களையும் பண்ணைகளையும் ஒன்றுமே நிகழாமல் காட்டிக்கொண்டிருக்கும் அதன் தொடக்கப் பெயர்ப்பட்டியலை நிதானமாகப் பாருங்கள். லோரியின் மகளாக வரும் டேனியல் ஹரிஸ் அப்போது சின்னப் பிள்ளை. பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் அவளைக் கேலி செய்யும் காட்சியில், மைக்கல் வருவதற்கு முன்னரே படம் நம்மை அவள் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ஐந்தாவதாக ‘எச்20’. கொலைகளை வெகுநேரம் பிற்போட்டு, வேறு பெயரில் பாடசாலை நடத்தும் லோரியின் குடியையும் அச்சத்தையும் காட்டும் அதன் முற்பாதி உறுதியானது. கதவிலுள்ள வட்டக் கண்ணாடியின் இருபுறமும் அண்ணனும் தங்கையும் முகத்துக்கு முகம் நிற்கும் கணத்துக்கு, லோரியாக நடிக்கும் ஜேமி லீ கேர்ட்டிஸ் கொடுக்கும் முகபாவம் ஒன்றே அதை ஐந்துக்குள் நிறுத்தப் போதும். முகமூடி காட்சிக்குக் காட்சி மாறுவதுதான் கண்ணை உறுத்துகிறது.

ஆறாவதாக 2021இன் ‘ஹலோவீன் கில்ஸ்’. விமர்சகர்கள் பலர் இதை மிகவும் கீழே தள்ளினார்கள், கொலைகளின் அடுக்கைப் பார்த்தால் அது நியாயமும்கூட. ஆனால் மைக்கல் இல்லாத நேரத்தில் இந்தப் படம் ஒரு மருத்துவமனைக்குள் கும்பலைத் திரட்டுகிறது. பயந்துபோன ஊரார், தப்பிவந்த வேறொரு நோயாளியை அவன்தான் என்று நினைத்து, நடைகூடம் முழுவதும் கூச்சலிட்டபடி விரட்டுகிறார்கள். அவனை மாடியிலிருந்து குதித்துச் சாகும் நிலைக்குத் தள்ளுகிறார்கள். 1983 ஜூலையை அனுபவித்த அல்லது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த கொழும்புத் தமிழர் ஒருவரால் இந்தக் காட்சியை வெறும் ஸ்லாஷர் படக் காட்சியாகப் பார்க்க முடியாது. கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே நிற்கும் சிலரையும், கண்ணாடிக்கு அப்பால் நிரம்பி வரும் முகங்களையும் பார்க்கும்போது, முகமூடி இல்லாத அந்த முகங்களே எனக்கு அதிகம் அச்சமூட்டின. மற்ற நாட்டு வாசகருக்கு இது ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ இருக்கலாம். பார்ப்பவரின் ஊருக்கும் வரிசையில் ஒரு பங்கு உண்டு. அதை மறைத்து எழுத வேண்டியதில்லை.

ஏழாவதாக 2022இன் ‘ஹலோவீன் எண்ட்ஸ்’. மைக்கலை ஓரங்கட்டிவிட்டு, தற்செயலாக ஒரு பிள்ளையின் சாவுக்குக் காரணமாகி ஊராரால் ஒதுக்கப்பட்ட கோரி என்ற இளைஞனைப் பின்தொடர்கிறது. எண்ணம் நல்லது, அந்த இளைஞன் கொலையாளியாக மாறும் வேகம்தான் நம்பும்படியாக இல்லை. எட்டாவது, 1981இன் இரண்டாம் பாகம். வெறிச்சோடிய மருத்துவமனையின் நீண்ட நடைகூடங்கள் அதற்கு வாய்த்த வரம். ஆனால் இங்கேதான் லோரி மைக்கலின் தங்கை என்று சொல்லப்படுகிறது. முதற்படத்தில் காரணமே இல்லாமல் ஒருவன் யாரோ ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் யார் வாசலிலும் நிற்கக்கூடும் என்பதே அச்சம். உறவு என்ற காரணம் கிடைத்ததும், உறவில்லாத நாம் எல்லோரும் பத்திரமாகிவிட்டோம். அந்தக் காரணத்தின் சுமையைப் பின்னால் வந்த பல படங்கள் சுமந்து திரிந்தன.

ஒன்பதும் பத்தும் ரொப் ஸொம்பியின் படங்கள், ஆனால் வெளிவந்த ஒழுங்கில் அல்ல. 2009இன் படத்தில், உயிர் தப்பிய லோரி, ஆனியின் தந்தையான ஷெரிஃப் பிராக்கெட்டின் வீட்டில் தங்கி, அவரோடும் ஆனியோடும் சாப்பாட்டு மேசையில் உட்காரும் காட்சிகளில் உண்மையான காயம் தெரிகிறது. ஆனியாக நடிப்பவர், நான்காம் பாகத்தின் அதே டேனியல் ஹரிஸ். 2007இன் படமோ, முற்பாதி முழுவதையும் மைக்கலின் பிள்ளைப் பருவத்தை விளக்குவதற்கே செலவிடுகிறது. திறமையாகவே விளக்குகிறது, ஆனால் விளக்கம் கூடக் கூட வெற்றிடம் குறைகிறது. பதினொன்றாவதான ஆறாம் பாகம், ஒரு இரகசியக் கூட்டத்தையும் சாபக் குறியையும் கொண்டுவந்து எஞ்சியிருந்த மர்மத்தையும் தீர்த்துவிடுகிறது. பன்னிரண்டாவதான ஐந்தாம் பாகம் நான்காம் பாகத்துக்கு ஓராண்டின் பின் அவசரமாக வந்தது. அழுக்குத் துணி போடும் குழாய்க்குள் சிறுமி ஒளிந்திருக்கும் காட்சியைத் தவிர நினைவில் நிற்பது குறைவு.

கடைசி இடத்தில் ‘ரிசரெக்‌ஷன்’. லோரியைத் தொடக்கத்திலேயே கொன்றதற்காக இதை அடியில் வைப்பவர்கள் பலர்; என் காரணம் வேறு. மையர்ஸ் வீட்டின் அறைதோறும் கமெராக்களைப் பொருத்தி இணையத்தில் நேரடியாகக் காட்டுவதுதான் கதை. ஆளில்லாத அறைகள் பல திரைகளில் ஒரே நேரத்தில் தெரியும் இந்த ஏற்பாடு, முதற்படத்தின் கடைசி நிமிடத்தை ஒரு முழுப்படமாகவே விரிக்கக்கூடிய வாய்ப்பு. எந்தத் திரையில் அவன் வரப்போகிறான் என்று நம்மைக் காக்கவைத்திருந்தால் போதும். படம் அதைச் செய்யாமல், கமெரா முன் சளசளத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களிடமே தங்கிவிடுகிறது.

வரிசை முடிந்ததும் அதன் கீழே ஆண்டையும், எந்த எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த ஒக்டோபரில் 13ஐயும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. மேலுள்ள மூன்றும் கீழுள்ள மூன்றும் எளிதில் அசைவதில்லை. இடங்கள் மாறக்கூடியது நான்கு முதல் பத்து வரைதான். அந்த ஏழில், போன முறை மனம் தயங்கித் தயங்கி இடம் கொடுத்த இரண்டை மட்டும் எடுத்து, அடுத்தடுத்த இரவுகளில் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். எனக்கு அந்த இரண்டும் ‘எச்20’உம் ‘எண்ட்ஸ்’உம்.